நண்டு போட்ட பலகை

கை தவறித்தான் அது நடந்தது. எட்டுக் கால் கனெக்டரை வரைந்து முடித்து, ஒன்பது கால் கனெக்டருக்காக அதே கோப்பைத் திரும்பத் திறக்கப் போனேன். அது வரைபட மென்பொருளில் திறக்காமல் வெறும் எழுத்து அடிக்கிற பெட்டியில் திறந்துவிட்டது. படம் வரும் என்று பார்த்த இடத்தில் வரிவரியாக எழுத்து. மூடப் போன கை நின்றுவிட்டது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கால் இருந்தது. காலின் இலக்கம், அது நிற்கிற இடம், துளையின் அளவு, துளையைச் சுற்றியுள்ள செப்பு வளையத்தின் அளவு. அடுத்த வரியில் அடுத்த கால். இலக்கம் ஒன்று கூடியிருந்தது, இடம் இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாகத் தள்ளியிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. அதற்கடுத்த வரியும் அதே மாதிரி.

இவ்வளவு நாளும் மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து நான் செய்துகொண்டிருந்தது இதைத்தானா? முதல் கால் எங்கே, இடைவெளி எவ்வளவு, மொத்தம் எத்தனை கால் என்று சொல்லிவிட்டால் மிச்சத்தை ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கம்பியூட்டருக்குச் சொல்கிற நாலு கட்டளை வரி, தானே எழுதிக்கொள்ளுமே. ஒன்பதுக்கும் எழுதும், நாற்பதுக்கும் எழுதும், அலுக்காமல் எழுதும். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எழும்பியதும் முதலில் பார்த்தது ஜன்னலோர மேசையை. என்னோடு படித்தவள் அங்கே குனிந்தபடி வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு இது தோன்றவில்லை என்பதுதான் அன்றைய சந்தோஷத்தில் பாதி.

இந்த வேலையைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீட்டிலேயே நான் ரேடியோ திருத்துகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். ஒரு சுற்றுப் பலகையில் எத்தனையோ பாகங்கள் இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் கால்கள் உண்டு. அந்தக் கால்கள் பலகையில் எந்த இடத்தில் ஊன்ற வேண்டும், எவ்வளவு பெரிய துளை வேண்டும் என்பதை முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டும். அந்தச் சின்னப் படத்தைத்தான் ஃபுட்பிரின்ட் என்கிறோம். பாகத்தைச் செய்த கம்பனி அளவுகளை எல்லாம் போட்டு டேட்டாஷீட் என்று ஒன்று தரும். அதைப் பார்த்து வரைவோம். படம் ஒரு மயிரிழை பிழைத்தாலும் பாகம் உட்காராது. இவற்றையெல்லாம் சேர்த்து வைக்கிற தொகுப்பிலிருந்து எடுத்துத்தான் முழுப் பலகையை ஒருவர் வடிவமைப்பார். ஃபுட்பிரின்ட் வரைகிறவள் நான். முழுப் பலகையைச் செய்கிறவள் அவள்.

எங்கள் வேலைத்தலம் உட்துறைமுகப் பக்கம், ஒரு வலைக்கடைக்கு மேல்மாடி. புது நைலோனின் மணம் படியேறி வந்து எங்கள் ஈயப் புகையோடு கலந்து நிற்கும். முதலாளியைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். கப்பல்களில் மின்வேலை செய்து ஓய்ந்தவர். இப்போது மீன்பிடிப் படகுகளுக்கான பலகைகளைச் செய்கிறார். அடியில் தண்ணீர் சேர்ந்தால் பம்பைத் தானாகப் போடுகிற பலகை, பற்றரி இறங்கினால் கத்துகிற பலகை, இப்படி. வடிவத்தை இங்கே வரைந்து வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புவோம். வெறும் பலகை பார்சலில் வரும். பாகங்களை இங்கேயே ஈயம் வைத்துப் பொருத்துவோம்.

சேரிடம் ஒரு வழக்கம். பலகையை யார் வடிவமைத்தாரோ அவர் அதன் மூலையில் தன்னுடைய சின்னப் படம் ஒன்றைப் போடலாம். பெயர் போட விடமாட்டார். பெயர் போட்டால் ஆட்கள் வீட்டுக்குத் தேடி வந்து சண்டை பிடிப்பார்கள் என்பார். அவருடையது இரண்டு அலைக்கோடு. அவளுடையது நண்டு. பச்சைப் பலகையில் வெள்ளை மையில், சுண்டுவிரல் நகத்தளவு, ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது. என்னுடையது என்று ஒன்றும் இல்லை. ஃபுட்பிரின்டுக்கு யாரும் படம் போடுவதில்லை.

அவள் பக்கத்து ஊரான கிண்ணியாக்காரி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தொழில்நுட்பக் கல்லூரி, ஒரே வகுப்பு. படிப்பு முடிந்ததும் நான் கொழும்புக்கு நேர்முகத் தேர்வு நேர்முகத் தேர்வாக அலைந்தேன். அவள் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வந்து இந்தப் படியேறி வேலை கேட்டாள், கிடைத்துவிட்டது. நான் திரும்பி வந்து அதே படியேறியபோது ஜன்னலோர மேசையில் அவள் இருந்தாள், துறைமுகக் காற்று முழுக்க அவளுக்கு. எனக்குக் கிடைத்தது சுவர்ப்பக்க மேசை. வகுப்பில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை, யார் வந்தாலும் சொல்லுவாள். அது இன்னும் மோசம்.

அந்த நண்டு என்னை விட்டபாடில்லை. படகுக்காரர்கள் படியேறி வந்தால் பலகையின் பெயரைக் கேட்கமாட்டார்கள். "நண்டு போட்டது ஒண்டு தாங்க" என்பார்கள். பின்னேரம் கடற்கரையால் நடந்து போனால் யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், உள்ளே நண்டு. ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக் குசினியிலேயே அது வந்துவிட்டது. சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி, அவருடைய படகில் பம்ப் இப்போது தானாக ஓடுகிறது என்று கதை கதையாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கிண்ணியாப் பிள்ளை கெட்டிக்காரி. நீயும் அங்கதானே வேலை? நீ என்ன செய்யிறனீ?"

அந்தப் பலகையில் தண்ணீர் உணரியின் கம்பி வந்து சேருகிற நான்கு கால் கனெக்டர் இருக்கிறதே, அதன் கால்கள் ஊன்றுகிற நாலு துளை என்னுடையவை என்று சொல்லியிருக்கலாம். மீன்குழம்பை இன்னொரு தரம் விட்டுக்கொண்டேன்.

ஆகவே எழுத்துப்பெட்டியில் அந்த வரிகளைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஒரு வழி. நானும் ஒரு பலகை செய்ய வேண்டும், மூலையில் என் படம் வேண்டும். அதற்குச் சேர் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிற பைதன் மொழி எனக்குக் கல்லூரியிலேயே பழக்கம். மதியச் சாப்பாட்டு நேரங்களில் எழுதினேன். முதல் முயற்சியில் எல்லாக் கால்களும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே புள்ளியில் விழுந்தன. இடைவெளியைப் பெருக்க மறந்திருந்தேன். அடுத்ததில் கால்கள் ஒழுங்காக நின்றன, ஆனால் இலக்கம் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. அதையும் சரிபண்ணி, இரண்டு கால் முதல் நாற்பது கால் வரை ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டேன். கோப்புகள் பொலபொலவென்று வந்து விழுந்தன. கண் இமைக்கவில்லை, முடிந்துவிட்டது. கடந்த வாரம் முழுக்க நான் எதைச் செய்தேன் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

சேரிடம் காட்டினேன். அவர் எதையும் திரையில் நம்பமாட்டார். பதினாறு கால் படத்தை உண்மை அளவிலேயே பேப்பரில் அச்செடுக்கச் சொன்னார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கனெக்டரை எடுத்து, பேப்பரில் குத்தினார். கால்கள் வட்டங்களுக்கு நடுவே இறங்கின. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"கெதியாத்தான் இருக்கு," என்றார். வேகம்தான் என்று சேர் ஒத்துக்கொண்டால் அது பெரிய பேச்சு.

அவளும் எழும்பி வந்து பார்த்தாள். நாற்பது கால் படத்தைப் பார்த்துக் கைதட்டினாள். "அடி, நீ பெரிய ஆள்டி. நான் இத ஒண்டொண்டா வரைஞ்சு கண்ணு போயிருக்கும்," என்றாள். அந்தக் குரலில் நான் தேடினேன், நன்றாகத் தேடினேன், ஒரு சொட்டு எரிச்சல்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அவள் கொஞ்சம் முகம் கறுத்திருந்தால் நாங்கள் சமமாகியிருப்போம். அவளுக்கு அந்தத் தேவையே இல்லை, ஜன்னலோரம் இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

அடுத்ததாக ஒரு புதுப் பலகை வேலை வந்தது. மூதூர்ப் படகுக்காரர் ஒருவர் கேட்டது. பம்ப், பற்றரி இரண்டையும் ஒரே பலகை பார்க்க வேண்டும், அதன் கணக்கைக் காட்டுகிற சின்னத் திரை ஒன்று சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பலகைக்கும் திரைக்கும் இடையே தட்டைக் கேபிள். அதற்கு இரண்டு வரிசைக் கால்கள் உள்ள பத்துக் கால் கனெக்டர். ஒற்றைப்படை இலக்கங்கள் ஒரு வரிசை, இரட்டைப்படை மற்ற வரிசை.

"சேர், இந்தப் பலகைய நான் செய்யட்டா?"

அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது அவசரம் பிள்ளை. அவ செய்யட்டும். நீ கனெக்டரைத் தா."

என் கனெக்டர், அவள் நண்டு. சரி என்றேன். ஸ்கிரிப்டுக்கு இரண்டாவது வரிசையைச் சொல்லிக் கொடுத்தேன். டேட்டாஷீட்டில் உள்ள படத்தைப் பார்த்து, ஒன்றாம் கால் எந்த மூலையில் என்று எடுத்து, ஒற்றைப்படைகளை ஒரு பக்கமும் இரட்டைப்படைகளை மறுபக்கமும் ஓடவிட்டேன். பேப்பரில் அச்செடுத்துக் கனெக்டரைக் குத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. இதில் என்ன பிழை வரும்? கோப்பை அவளுக்கு அனுப்பினேன். அவள் பலகையை முடித்து, நண்டைப் போட்டு, தொழிற்சாலைக்கு அனுப்பினாள்.

பலகைகள் வந்தன. ஒன்றுக்குப் பாகங்களைப் பொருத்தி, கேபிளைச் செருகி, மின்சாரம் கொடுத்தோம். திரை எரியவில்லை. அடுத்த கணம் சூடு பிடித்த பிளாஸ்ரிக் மணம். அவள்தான் முதலில் கையை நீட்டி வயரைப் பிடுங்கினாள். திரை போய்விட்டது.

மின்சாரம் எனக்குள்தான் ஓடியது மாதிரி இருந்தது. சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தோம். ஒன்றாம் காலுக்கு வர வேண்டிய மின் இரண்டாம் காலுக்கு வந்திருந்தது. மூன்றுக்கு வர வேண்டியது நான்குக்கு. இரண்டு வரிசையும் ஒன்றுக்கொன்று இடம் மாறி நின்றன. பாகம் அழகாக உட்கார்ந்ததால் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நான் ஓடிப்போய் டேட்டாஷீட்டைத் திறந்தேன். என் கோப்பைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றாம் கால், இரண்டாம் கால், எல்லாம் அச்சொட்டாக இருந்தன. என்னில் பிழை இல்லை. அப்படியென்றால் பிழை யாருடையது என்று நினைத்ததும் மனம் துள்ளியது, மறைக்க என்ன இருக்கிறது. அவள் தன் வரைபடத்தைத் திறந்தாள். மின் போகிற கோடுகள் ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். அதுவும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் சரி, சேர்ந்தால் பிழை.

சேர் என் திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நீ இதை மேல இருந்தோ பார்த்து வரைஞ்சனீ?"

"வேற எங்க இருந்து சேர் பார்க்கிறது?"

அவரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். அந்தப் பார்வைதான் என்னைச் சுட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த, எனக்குத் தெரியாத ஒன்று அந்த அறையில் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

விஷயம் இதுதான். கம்பியூட்டர் வருவதற்கு முன் சேர் பலகைகளைத் தன் கையாலேயே செய்தவர். செப்புத் தகட்டின் மேல் நேரடியாக அழியாத மையால் கோடு போட்டு, அமிலத்தில் கழுவி எடுப்பாராம். செப்பு இருப்பது பலகையின் அடிப்பக்கம். பாகங்கள் நிற்பது மேல்பக்கம். ஆகவே கோடு போடுகிறவருக்குப் பாகம் தெரியாது, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள்தான் தெரியும். அவர் கண் முழுக்க முழுக்கக் கீழிருந்து பார்த்துப் பழகிய கண். மென்பொருளுக்கு மாறியபோதும் பழைய பேப்பர்களில் இருந்ததை அப்படியே பார்த்து வரைந்துவிட்டார். எங்கள் தொகுப்பு முழுவதும் கீழிருந்து பார்த்த படங்கள். பலகையை முடித்து அனுப்புவதற்கு முன் முழுப் படத்தையும் ஒரே தரம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கவிழ்க்கிறது". உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்வதாக நான் கேள்விப்படவில்லை.

டேட்டாஷீட் எல்லாரையும் போல மேலிருந்து பார்க்கிறது. என் ஸ்கிரிப்டும் அப்படியே பார்த்தது. அவள் கடைசியில் கவிழ்த்தபோது சரியாக இருந்த என் கனெக்டர் தலைகீழானது. இதுவரை நான் வரைந்தவை எல்லாம் இரண்டு கால் பாகங்களும் ஒற்றை வரிசைக் கனெக்டர்களும். அவற்றை மேலே இருந்து பார்த்தாலும் கீழே இருந்து பார்த்தாலும் ஒன்றுதான், திருப்பி வைத்தால் சரியாகிவிடும். அதனால் இவ்வளவு நாளும் பிடிபடவில்லை.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியும் எண்டு நினைச்சம்டி," என்றாள் அவள். "பலகை செய்ற ஆக்களுக்குத் தெரியும்தானே."

அவள் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. பலகை செய்கிறவர்களுக்குத் தெரியும். பலகை கிடைக்காதவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடைசிப் படியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, ஏனென்றால் அது ஜன்னலோர மேசையில் நடப்பது.

மூதூர்க்காரர் அடுத்த நாள் வருவதாகச் சொல்லியிருந்தார். புதிதாகப் பலகை அடிக்க நேரம் இல்லை. சேர் போனில் அவரைப் பிடித்துத் தவணை கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் பத்துத் துண்டு வயரை வெட்டி, கால்களைக் குறுக்கே மாற்றி இணைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பலகையைக் கையில் எடுத்து ஒரு தரம் புரட்டினாள். இன்னொரு தரம் புரட்டினாள். பிறகு ஈயத்தை உருக்கிக் கனெக்டரைக் கழற்றி, பலகையின் அடிப்பக்கத்திலிருந்து செருகி, மேல்பக்கம் ஈயம் வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலிருந்து பார்த்த படம் கீழே போய்விட்டதென்றால் பாகத்தையும் கீழே கொண்டுபோய்விட வேண்டியதுதானே. ஒன்றாம் கால் ஒன்றாம் காலிடத்தில் வந்து நின்றது. வேறு திரையைப் போட்டாள். எரிந்தது. பற்றரியின் கணக்கு நீலமாய்த் தெரிந்தது. பிழை என்னுடைய படத்தில், தீர்வு அவளுடைய கையில், நான் வயரை வெட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெட்டிக்குள் வைத்தபோது இன்னொன்று தெரிந்தது. முந்தைய பலகைகளில் கேபிள் மேலே கிளம்பி வளைந்து, பெட்டியின் ஓரத்தால் வெளியே போகும். மூடி சரியாகப் பொருந்தாது, ரப்பரைத் திணித்து இறுக்குவோம். இப்போது கேபிள் நேரே கீழே இறங்கி, அடியில் உள்ள துளையால் போனது. மூடி தட்டையாக வந்து உட்கார்ந்தது.

மூதூர்க்காரர் வந்தார். அவர் திரையில் தெரிந்த கணக்கு எதையும் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். அடியைத் தடவினார். மூடியைத் திறந்து மூடினார்.

"இதுதான் தங்கச்சி மூளை," என்றார் அவளைப் பார்த்து. "அலை அடிச்சாத் தண்ணி கேபிளப் புடிச்சு வடிஞ்சு உள்ளுக்கு வரும். பழசு ரெண்டும் அப்படித்தான் போனது. இது கீழ பார்த்து இருக்கு, எப்படி ஏறும்?"

"இது நான் இல்ல," என்று அவள் என்னைக் காட்டினாள். "இவதான் கனெக்டர அப்படி வரைஞ்சவ."

அவர் என்னைப் பார்த்தார், பலகையின் மூலையைப் பார்த்தார், சிரித்தார். "நண்டு ஒங்கடதானே. பெருமை வேணாம் எண்டு கூட்டாளிக்குக் குடுக்கிறீங்க, நல்ல புள்ள."

என் பிழைகூட அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவருடைய வெற்றியைப் பார்த்து எரிவது எனக்குப் பழகிய விஷயம். என்னுடைய சொந்தத் தவறு இன்னொருத்தியின் நண்டைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் பாராட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போவதைப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் மற்றப் படகுகளுக்கும் கேட்டுவிட்டுப் போனார். கேபிள் கீழே பார்க்க வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் கீழே தேத்தண்ணிக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், தின்னவில்லை.

"ஏன்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? அடுத்த தரம் அடிக்கிற பலகையில நண்டுக்குப் பக்கத்துல உன்ட படத்தையும் போடுவம். நான் சேர்ட்ட கேட்டுட்டன். ஓம் எண்டுட்டார்."

"வேண்டாம்."

"ஏன்?"

"உன்ட நண்டுக்குப் பக்கத்தில நான் என்னெண்டு நிக்கிறது?"

"அது கடிக்காதுடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்காகவும் அவள் மேல் எரிச்சல். அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "தனியா ஒண்டு வேணும், என்ன?" என்றாள். நான் தலையாட்டினேன். "அப்ப நண்டத் தின்ற ஏதாவது ஒண்டப் போடு," என்றாள். பிறகு ஸ்கிரிப்டைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள்.

அனுப்ப மனம் இல்லை. அதுதான் என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லாதது. அனுப்பினேன், ஏனென்றால் அனுப்பாவிட்டால் நான் ஏன் அனுப்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் அதை வரிவரியாக வாசித்தாள். வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த கணக்கையும் இப்படித்தான் விரல் வைத்து வாசிப்பாள். வாசித்து முடித்து ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"இது எங்க இருந்து பார்க்குது எண்டு இதில எந்த இடத்தில எழுதியிருக்கு?"

எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. கால்களின் எண்ணிக்கையைக் கேட்கும், இடைவெளியைக் கேட்கும், துளையைக் கேட்கும். பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்று அது கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கே அந்த வரியைச் சேர்த்தேன். இப்போது ஸ்கிரிப்ட் முதலில் கேட்பது அதைத்தான்: மேலிருந்தா, கீழிருந்தா. பதில் சொல்லாவிட்டால் ஓடாது. நல்ல கேள்வி. எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி. அவளுக்கு வந்தது.

அதைச் சேரிடம் ஓட்டிக் காட்டினேன். ஒரே பாகம், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. தொகுப்பு முழுவதையும் உலகம் பார்க்கிற பக்கத்துக்கு மாற்றிவிடலாம் சேர், ஒரு பின்னேரம் போதும் என்றேன். அவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். கடலில் ஓடுகிற பலகைகள் எல்லாம் பழைய தொகுப்பில் இருக்கின்றன, ஒன்று திருத்த வந்தால் எதை வைத்துப் பார்ப்பது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நான் கேட்காததைச் சொன்னார்.

"பழசு பழசாவே கிடக்கட்டும். புதுசா ஒரு தொகுப்பு செய், மேல இருந்து பார்த்து. ஆனா அதில நானும் அவவும் வேலை செய்ய ஏலாது. கை தானாக் கவிழ்த்துப்போடும். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கிளிவெட்டியில வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்புக்குப் பலகை கேட்டவை. அதை நீ செய்."

தராததால் பழகாமல் இருந்தேன், பழகாமல் இருந்ததால் தந்தார். சந்தோஷப்பட வேண்டிய இடம். அரை நாள் சந்தோஷப்பட்டேன். மிச்ச நேரம், இதையும் அவள்தான் சேரிடம் கேட்டு வாங்கித் தந்தாளோ என்று குடைந்துகொண்டிருந்தேன். கேட்டால் இல்லை என்பாள். அவள் பொய் சொல்லமாட்டாள், ஆனால் இந்த விஷயத்தில் சொன்னாலும் சொல்வாள். ஆகவே கேட்கவில்லை.

பம்ப் பலகைக்கு நான் எடுத்திருக்கிற சிப் இதுவரை எங்கள் வேலைத்தலத்துக்கு வராத வகை. துளையே கிடையாது. பலகையின் மேல் சப்பையாக உட்காரும். நான்கு பக்கமும் கால்கள், பக்கத்துக்குப் பன்னிரண்டு, இரண்டு காலுக்கு இடையே அரை மில்லிமீற்றர். மவுஸைப் பிடித்து யாரும் இதை வரைய முடியாது, ஜன்னலோர மேசையில் இருந்தாலும் முடியாது. ஒரு பக்கத்தை எழுதி, அதைத் தொண்ணூறு பாகை திருப்பி அடுத்த பக்கம், இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம் என்று ஸ்கிரிப்ட்தான் சுற்றி வர வேண்டும். இலக்கங்கள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் ஓட வேண்டும். நேற்று ஓட்டியதில் முதல் இரண்டு பக்கம் சரி. மூன்றாவது பக்கத்தில் இலக்கங்கள் எதிர்முகமாக ஓடின. பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன், பக்கத்தைத் திருப்பிய பிறகு இலக்கம் போடாமல், போட்ட பிறகு திருப்புகிறேன். காலையில் வந்ததும் அதை மாற்றி ஓட்டி, உண்மை அளவில் பேப்பரில் அச்செடுத்து, சிப்பைச் சாமணத்தால் பிடித்து அதன் மேல் வைத்துப் பார்க்கப் போகிறேன். கால்கள் பொருந்தினால் மட்டும் போதாது என்று இப்போது தெரியும். ஒவ்வொரு காலாக டேட்டாஷீட்டோடு இலக்கம் பார்க்க ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் தொட்டுக் காட்ட வேண்டும். வாசிக்க அவளைக் கூப்பிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் தனியாக ஒரு தரம் பார்க்கிறேன்.